பன்னீர் சொன்னால் சரி

பன்னீர்செல்வத்தை நான் திட்டாத நாள் கிடையாது. மாடிப்படியில் நடுவழியில் செருப்பை விட்டுப் போவான். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தண்ணீரைத் தெருவுக்கு ஓட விடுவான். கேட்டைச் சாத்த மாட்டான். செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் அவனும் அவன் மனைவி ரோகிணியும் குடியிருக்கிறார்கள், கீழே நான். பள்ளிக்கூட ஆபீசில் காலம் தள்ளி ரிட்டயரானவள் என்பதால் கத்துவது எனக்குத் தொழில் பழக்கம். அவனும் "சரி பர்வதம்மா" என்று தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் அதையே செய்வான். கெட்டவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது. சில சமயம் வாய் வரைக்கும் வந்தாலும் நானும் சொல்ல மாட்டேன்.

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் அவனுக்கு வேலை. அவன் சமைப்பவன் இல்லை, ருசி பார்ப்பவன். ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் வந்து நிற்பதற்கு முன்னால், ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து அவன் உள்ளங்கையில் ஊற்றுவார்கள். முதலில் மூக்கருகே கொண்டுபோவான், பிறகு நாக்கில் வைப்பான். தலையை ஆட்டினால் அண்டா வெளியே போகும், ஆட்டாவிட்டால் போகாது. ஒருமுறை பார்வைக்கு நன்றாக இருந்த ஓர் அண்டா தயிர்சாதத்தை மோந்துவிட்டு அப்படியே கொட்டச் சொல்லிவிட்டான். எல்லோரும் கோபப்பட்டார்கள். அதே பாலை வாங்கிய பக்கத்துக் கேன்டீனில் அன்று பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். அதிலிருந்து "பன்னீர் சொன்னால் சரி" என்பது அங்கே சட்டம் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருவிலும்தான். கல்யாணமோ கோயில் அன்னதானமோ, பந்தி போடும் முன் யாராவது ஒருவர் மாடிக்கு ஓடி அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நீதிபதி போல இறங்கி வருவான். அந்தப் பவிசைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கண்ணும் மூக்குமாக ஒழுகிக்கொண்டு ஒரு வாரம் கிடந்தான். காய்ச்சல் போனது, கூடவே மூக்கும் போனது. உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு நாக்கில் தெரியும். வாசனை மட்டும் சுத்தமாகக் கிடையாது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவனுக்கு ஒன்று. திரும்பி வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. டாக்டரிடம் போனால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று போகவில்லை. வாசனை தெரியாத ஆளுக்கு அந்தக் கேன்டீனில் என்ன வேலை இருக்கிறது? யாரிடமும் மூச்சு விடவில்லை, கட்டிய மனைவியிடம்கூட. இதெல்லாம் நானே பிறகு அவன் வாயால் கேட்டது.

வேலையில் எப்படிச் சமாளித்தான் என்பதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். வழக்கம்போல உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோவான். நாக்கில் வைத்துவிட்டு, சமைத்த ஆளைப் பார்த்து, "நீயே சொல்லு, இதுல இன்னா குறை?" என்று கேட்பான். பரீட்சை வைக்கிறான் என்று நினைத்து அந்த ஆள் பயந்துபோய் மோந்து பார்த்து, உள்ளதைக் கொட்டிவிடுவான். பெருங்காயம் தூக்கல், பருப்பு அடிப்பிடித்தது, தேங்காய் சிக்கு வாடை. "அதான்" என்பான் பன்னீர். பன்னீர் இப்போதெல்லாம் ஆட்களைப் பழக்குகிறான் என்று கேன்டீன் கான்ட்ராக்டரின் மேனேஜர் ரவிச்சந்திரன் அவனைப் புகழ்ந்தாராம். ஒரகடம் பக்கம் இன்னும் சில கேன்டீன்கள் கைக்கு வரப்போகின்றன, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பன்னீரையே தலைமையாகப் போட்டுவிடலாம் என்றும் பேச்சு நடந்தது.

அந்த நேரத்தில்தான் ரோகிணி உண்டானாள். எத்தனையோ வருஷம் ஆஸ்பத்திரியும் கோயிலுமாக அலைந்து, இனி இல்லை என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்ட பிறகு உண்டானாள். ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் என்னிடம் வந்து மாங்காயும் நார்த்தங்காய் ஊறுகாயும் மட்டும் கேட்பாள். ஆனால் மனசெல்லாம் மீனில் இருந்தது. அதுவும் புரட்டாசி மாசம். பெருமாளுக்கு விரதம் இருக்கிற மாசத்தில் அவர்கள் அடுப்பில் கவிச்சி ஏறாது. ஐப்பசி பிறக்கட்டும், மகாபலிபுரம் கடற்கரைக்கே கூட்டிப்போய் மீன் வறுவல் வாங்கித் தருகிறேன் என்று பன்னீர் சொல்லியிருந்தான். புள்ளத்தாச்சி கேட்டதை வாங்கிக் கொடுக்காமல் இருக்கலாமா? அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை ரவிச்சந்திரன் தன் காரோடு வாசலில் வந்து நின்றார். அவருக்கும் ஒரு மாசமாக நாக்கு செத்துப்போயிருந்தது. பன்னீரோடு போய்ச் சாப்பிட்டால் நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடலாம் என்று அவருக்கு ஆசை. பின் சீட்டில் ரோகிணிக்குத் துணையாக நானும் ஏறிக்கொண்டேன். மகாபலிபுரத்துத் தலசயனப் பெருமாளைச் சேவித்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. மீன் கடைக்குள் மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

திருக்கழுக்குன்றத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். ரோகிணி மலையை அண்ணாந்து பார்த்து, கழுகு வருமா என்று கேட்டாள். அது வருவதை நிறுத்தி எந்தக் காலமோ ஆகிறது என்றேன். ரவிச்சந்திரனுக்கு மலையும் வேண்டாம், கழுகும் வேண்டாம். சாம்பார் கிண்ணத்தைப் பன்னீர் பக்கம் நகர்த்தி, "பன்னீரு, சொல்லு" என்றார். பன்னீர் ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினான். மல்லி வறுத்தது கொஞ்சம் பத்தாது என்றான். ரவிச்சந்திரன் கடைக்காரரைக் கூப்பிட்டே விசாரித்தார். பாவம் அந்த மனுஷன், ஆமாம் சார், இன்றைக்குக் கூட்டம், அவசரத்தில் வறுத்தது என்று ஒப்புக்கொண்டார். எந்தக் கடைக்காரர்தான் அப்படிக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்? ரவிச்சந்திரன் தொடையில் தட்டிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ரோகிணி மட்டும் இட்லியைப் பிட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். புருஷன் பெருமையைக் கேட்டு வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகாபலிபுரத்தில் நிற்க இடமில்லை. ஒரு மாசம் பட்டினி கிடந்த சனம் மொத்தமும் அன்றைக்கே கிளம்பி வந்திருந்தது. பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தோம். அர்ஜுனன் தபசுக்கு முன்னால் நின்று ரோகிணி வெகுநேரம் பார்த்தாள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைக் காட்டிச் சிரித்தாள். பக்கத்து மண்டபத்தில் ஒருவன் பால் கறக்க, கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறதே பசு, அந்தக் கல் பசுவின் எதிரில் கைப்பிடியில் சாய்ந்து நின்றுவிட்டாள். கால் வீங்கியிருந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே உதைக்கிறது அக்கா என்று என் கையையும் இழுத்து வைத்தாள். உதைத்தது. எனக்குப் பிள்ளை கிடையாது. அந்த உதையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அங்கிருந்து உருண்டைப் பாறை. எல்லோரையும் போல அதைத் தாங்குகிற மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். மிளகாய்த்தூள் தடவிய மாங்காய், வேர்க்கடலைச் சுண்டல், மிளகாய் பஜ்ஜி என்று ரவிச்சந்திரன் வாங்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் பன்னீரின் தீர்ப்பு. எண்ணெய் பழசு, கடலைமாவு புதுசு, சுண்டலில் மாங்காய் போதாது. சொல்லச் சொல்ல அவன் முகம் வேர்த்துக்கொண்டு வந்தது. வெயில் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குமேல் கடற்கரைக் கோயில் பக்கம் மணலில் இறங்கினோம். மீன் கடைகளில் மசாலா தடவிய மீன்களைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். கையைக் காட்டினால் எண்ணெயில் போட்டு எடுத்துக் கொடுப்பார்கள். செக்கச் செவேல் என்ற அந்த மசாலாவுக்குள் இருப்பது காலையில் பிடித்த மீனா, ஐஸில் கிடந்த மீனா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த வாரம் முழுக்கக் காற்றும் மழையும் என்று படகுகள் கடலுக்குப் போகவில்லை. கடற்கரையில் எல்லாப் படகுகளும் மேலே ஏற்றிக் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்கும் தட்டில் கிடக்கும் மீனுக்கும் உள்ள சம்பந்தம் மீன் வாங்கிப் பழகாத எனக்கு எட்டவில்லை. கூட்டத்தில் முண்டியடித்து வாங்கியவர்கள் யாருக்குமே எட்டவில்லை.

கடைக்குள் வரமாட்டேன் என்று சொன்னவள், ரோகிணி கையைப் பிடித்து இழுத்ததால் அவள் பக்கத்து நாற்காலியில் மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வஞ்சிரம் வந்தது. தலைப்பையும் மீறி நாற்றம் மூக்கில் ஏறியது. ஆனால் மீன் என்றாலே எனக்கு அப்படித்தான். நல்ல மீன் நாற்றம் எது, கெட்ட மீன் நாற்றம் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரோகிணி ஒரு விள்ளல் பிட்டு வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். கையைத் தட்டின்மேல் இறக்கினாள்.

"இன்னாங்க, இது ஒரு மாதிரி வாட வர்ல?"

ரவிச்சந்திரன் தன் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவர் அப்போதுதான் ஒரு துண்டைக் கையில் எடுத்திருந்தார். "அது எதுக்குமா நம்ம சொல்லணும்? ஆளு பக்கத்துலயே கீறாரே. பன்னீரு சொல்லட்டும்" என்றார்.

பன்னீர் அவள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். பிறகு வாயில் போட்டு மெதுவாக மென்றான். கேன்டீனில் என்றால் சமைத்தவனைக் கேட்டிருப்பான். இங்கே விற்கிறவனைக் கேட்டால் நல்ல மீன் என்றுதான் சொல்வான். மேனேஜர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல மீனு. மசாலா கொஞ்சம் தூக்கலா கீது, அவ்ளோதான். சாப்டு."

ரோகிணி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். ரவிச்சந்திரன் சந்தோஷமாக இன்னொரு தட்டு சொன்னார். திரும்பி வரும்போது காரில் வைத்தே, ஒரகடம் வேலை உனக்குத்தான் பன்னீரு என்று சொல்லிவிட்டார். பன்னீர் முன் சீட்டிலிருந்து திரும்பி ரோகிணியைப் பார்த்துச் சிரித்தான். அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்குவது போல் கண்ணை மூடியிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாந்தி தொடங்கியது. பன்னீருக்கும் எடுத்தது, ஆனால் அவன் எழுந்து நடமாடினான். ரவிச்சந்திரனுக்கு வயிற்றுப்போக்காம், இரண்டு நாள் லீவு போட்டார். ரோகிணிதான் தாங்கவில்லை. வாந்தி, பேதி, உடம்பெல்லாம் நெருப்பாகக் காய்ச்சல். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. பொழுது விடியும்போது இடுப்பு வலி கண்டது. அது வலி எடுக்க வேண்டிய மாசம் இல்லை.

பெண் குழந்தை. என் உள்ளங்கை நீளம்தான் இருந்தது அதன் முதுகு. கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது என்றார்கள். பிஞ்சுகளை எரிக்க மாட்டார்கள், புதைக்கத்தான் வேண்டும். வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலத்தைப் பன்னீர் கையில் கொடுத்தபோது, அவன் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

கோபம் எல்லாம் அவன் சொந்தக்காரர்கள்மேல் வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ரோகிணி காதில் விழும்படியே பேசினார்கள். இத்தனை வருஷம் கழித்து வந்த பிள்ளை, நாக்கைக் கட்ட வேண்டாமா? மீன் இல்லாவிட்டால் செத்தா போய்விடுவாள்? அவனுடைய அத்தைக்காரி ஒருத்தி, தின்னே தீர்த்துட்டா என்று என் வாசலிலேயே நின்று சொன்னாள். நான் அவளைக் கேட்டுக்கு வெளியே அனுப்பித்தான் மறுவேலை பார்த்தேன். ரோகிணி பால் கட்டிக்கொண்ட மாரை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பன்னீர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நான்தான் சாப்பிடச் சொன்னேன் என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லையா என்று எனக்குத் தோன்றியது. மனைவியைவிட அந்தப் 'பன்னீர் சொன்னால் சரி' பெரிதாகிவிட்டதா? ஆனால் துக்கத்தில் இருப்பவனைப் பிடித்து உலுக்க எனக்கும் மனசு வரவில்லை.

கார்த்திகை வந்தது. அவனுக்கு ஒரகடம் வேலை உறுதியானது. ஒரு சாயங்காலம் அதைச் சொல்லத்தான் கீழே வந்தான். சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்காரச் சொன்னேன். அடுப்பில் பாலை வைத்திருந்தேன். அதற்குள் கேபிள்காரர் வந்து கூப்பிட, வாசலுக்குப் போய் அவரோடு ஒரு பாட்டம் சண்டை போட்டேன். பேச்சுச் சுவாரசியத்தில் பால் மறந்துபோனது. கூடத்துக்கு வந்தால் வீடு முழுக்கக் கருகல் நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பால் பொங்கி வற்றி, பாத்திரம் கரிக்கட்டையாகிப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கை எட்டும் தூரத்தில் பன்னீர் தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

"பக்கத்துலயே குந்திக்கினு கீற, மூக்கு இன்னா செத்தா போச்சு உனக்கு?"

கோபத்தில் யாரையும் கேட்பதுதான். அவன் நிமிர்ந்து பார்த்தான். 

"ஆமாம்மா" என்றான். "செத்துப்போச்சு."

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். காய்ச்சலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். கேன்டீன் ஆட்களை அவன் கேட்கும் கேள்வி, இட்லிக்கடையில் சொன்ன மல்லி, கடற்கரையில் மூக்கருகே கொண்டுபோன மீன். அந்தத் துண்டில் உப்பும் காரமும்தான் தெரிந்தது, மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார், கெட்டது என்று சொல்லி அவர் வாய்க்கு நன்றாக இருந்துவிட்டால் குட்டு உடைந்துவிடும், வேறு என்ன சொல்ல முடியும் என்று என்னையே கேட்டான். கன்னத்தில் ஒன்று விடலாமா என்று கை எழுந்தது. விடவில்லை. அவனே தன் வாயில் அடித்துக்கொண்டிருந்தான்.

"இத நீ அவகிட்ட சொல்லணும்" என்றேன். "ஊரே அவள திங்குது. அவளும் தன்னாலதான்னு நெனச்சிக்கினு கீறா. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். நான் அவன் சட்டையைப் பிடித்து எழுப்பினேன். இத்தனை வயசுக்கு நான் ஓர் ஆம்பிளையைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறியது அதுதான் முதல் தடவை.

ரோகிணி கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. பன்னீர் அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, எனக்கு வாசனை தெரியாது ரோகிணி, ரெண்டு வருஷமாகத் தெரியாது என்று சொன்னான். நாளைக்கே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் விக்கி விக்கி அழுதான்.

அவள் கீரைத் தண்டு ஒன்றை ஒடித்து நார் உரித்தாள்.

"தெரியும்" என்றாள்.

காய்ச்சல் முடிந்த மாசமே தெரியுமாம். கொட்டுவதற்கு என்று ஒதுக்கி வைத்திருந்த ஊசிப்போன குழம்பை அவன் எடுத்து ஊற்றி, நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டானாம். அவனாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாளாம்.

நான்தான் குறுக்கிட்டேன். "தெரிஞ்சா ஏன்டி தின்ன? வாட வருதுன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன் அக்கா. அப்பவாவது வேணாம்னு சொல்லுவாருன்னு பாத்தேன். நல்ல மீனுன்ட்டாரு. மேனேஜர் எதுர்ல அத நான் துப்புனா, அப்பவே இவரு வேல போச்சு." அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். "புள்ள பொறக்கப்போற நேரத்துல வேல இல்லாம இன்னா பண்றது? ஒரு துண்டுதானே, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

 பன்னீர் தரையில் நெற்றி படுகிற மாதிரி குனிந்திருந்தான். அவன் தலைமுடியை ரோகிணி ஒருதரம் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"வேலைய வுடறேன்னு சொல்லாதே" என்றாள். "இப்ப வுட்டுட்டா, எம்பொண்ணு எதுக்கு செத்தா?"

 நான் படியிறங்கி வந்து கருகின பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன்.